கடலுக்குப் போகிற தண்ணீர் வீணா?



ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்து, ஆறு இரு கரையும் தொட்டு ஓடும்போது நாம் எல்லோருமே ஒரு வார்த்தை சொல்வோம். "இவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குப் போகுதே!" என்று. கோடையில் ஏரி வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவனுக்கு அந்த ஆதங்கம் வரத்தான் செய்யும். ஆனால் கடலுக்குப் போகிற தண்ணீர் அங்கே போய் என்ன வேலை செய்கிறது, அது போகாமல் நின்றால் என்ன ஆகிறது என்பதை ஓர் ஊரின் சரித்திரத்தை வைத்து இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அந்த ஊர் எண்ணூர். சென்னைக்கு வடக்கே சுமார் 20 கிலோ மீட்டரில், கடற்கரை ஓரமாக இருக்கிறது. கத்திவாக்கம் நகராட்சியாக இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

"நான் மேற்கே மானாவாரி விவசாயம் பண்றவன். எண்ணூருக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1970-களில் உங்கள் ஊருக்குக் கம்பம் நட்டுப் பம்புசெட் ஓடியிருந்தால், அந்தக் கரண்டில் எண்ணூர்க் கரண்டும் கலந்திருக்கும். 'விஜய்' என்று அச்சடித்த யூரியா மூட்டையை வாங்கித் தெளித்திருந்தால், அது எண்ணூருக்கு அடுத்த மணலியில் தயாரானது. நம் வயல் பச்சையானதில் அந்த ஊருக்குப் பங்கு உண்டு. அதற்கு அந்த ஊர் கொடுத்த விலை என்ன என்று தெரிந்துகொள்வதும் நியாயம்தானே?

முதலில் அந்த இடத்தின் அமைப்பைச் சொல்கிறேன். கொசஸ்தலை ஆறு என்று ஓர் ஆறு. கொற்றலை என்றும் சொல்வார்கள். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரித் தண்ணீரெல்லாம் இதில்தான் வந்து விழும். பூண்டி வழியாக, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, கிழக்கே வந்து எண்ணூரில் கடலில் கலக்கிறது. கலப்பதற்கு முன்னால் அகலமாகப் பரந்து ஒரு கழியாக நிற்கிறது. அந்தக் கழி வடக்கே பழவேற்காடு ஏரி வரைக்கும் நீர்வழியாகத் தொடர்கிறது. கழிக்கும் கடலுக்கும் நடுவே காட்டுப்பள்ளி என்ற நீளமான மணல் திட்டு. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வடியும். ஏறும்போது உப்புத் தண்ணீர் கழிக்குள் வரும். வடியும்போது வெளியே போகும். அமாவாசை, பௌர்ணமியில் இன்னும் கூடுதலாக ஏறும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மேலிருந்து அழுத்தி வந்து கழியை நல்ல தண்ணீராக்கும். உப்பும் நல்ல தண்ணீரும் இப்படி மாறி மாறிக் கலக்கிற இடத்தில்தான் இறால் குஞ்சு வளரும், நண்டு பெருகும், மடவை மீன் கூட்டமாக வரும். கரையில் அலையாத்திச் செடிகள் வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு நாற்றங்கால் எப்படியோ, கடலுக்குக் கழி அப்படி.

அந்த நாற்றங்காலைப் பங்கு போட்டுக்கொள்ள மீனவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 'பாடு' என்று பெயர். எந்த இடத்தில், எந்த நாளில், எந்த ஊர்க்காரர் அல்லது எந்தக் குடும்பத்தார் வலை போடுவது என்று முறை வைத்து, சில இடங்களில் சீட்டுப் போட்டு, பிரித்துக்கொள்வார்கள். ஏரிப் பாசனத்தில் நாம் முறைத் தண்ணீர் விடுகிறோமே, அதே கதைதான். வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள் பனையோலைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். கழியை ஒட்டி உப்பளங்கள். உள்ளே தள்ளி நெல் வயல்கள். உப்பும் மீனும் நெல்லும் பக்கத்தில் பக்கத்தில் விளைந்த பூமி அது.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் கழிக்கு இன்னொரு வேலையும் வந்தது. பேசில் காக்ரேன் என்ற வியாபாரி போட்ட பணத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள்; 1806 வாக்கில் அது முடிந்தது. பிறகு பழவேற்காடு வரையும் ஆந்திரம் வரையும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கஞ்சி வார்த்து வெட்ட வைத்துத்தான் இதன் பல பகுதிகளை இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவன் பெயர் எங்கேயும் இல்லை. அது வேறு விஷயம். விறகும் உப்பும் அரிசியும் ஏற்றிய படகுகள் இந்தக் கால்வாயில் 1960-கள் வரை போய் வந்தன. கடற்கரை மணலில் சவுக்கு போட ஆரம்பித்ததும் அந்த நூற்றாண்டில்தான். ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று 1860-களில் தொடங்கியது. நம் ஜனங்களுக்கும் அது நல்ல பணப்பயிராகிவிட்டது.

மணல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் கிழக்குக் கரையில் கடல் மணல் சும்மா கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைப் போட்டுச் சுவர் நீட்டினார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். மேல் பக்கம் மண் சேரும், கீழ்ப் பக்கம் அரிக்கும். அதேதான் நடந்தது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து சேர்ந்து பரந்த கடற்கரை ஆகிவிட்டது. நகரத்து ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடல் அரித்துக் குப்பங்கள் வீடு வாசலை இழந்தன. அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அங்கே நின்று இன்னும் வடக்கே தள்ளிப் போனது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். மேலே ஓடுகிற ஆற்றைப் பார்த்தோம். பூமிக்குக் கீழேயும் ஓர் ஆறு மாதிரித் தண்ணீர் கடலை நோக்கி மெதுவாக நகர்கிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் கொசஸ்தலையும் ஆரணியாறும் காலங்காலமாகக் கொண்டு வந்து போட்ட வண்டல். களிமண் ஓர் அடுக்கு, மணல் ஓர் அடுக்கு என்று மாறி மாறி இருக்கும். மணல் அடுக்கில் தண்ணீர் நிற்கும். கடலோரத்தில் அந்த நல்ல தண்ணீருக்குப் பக்கத்திலேயே, அடியிலேயே, கடல் தண்ணீரும் பூமிக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுவரா இருக்கிறது? இல்லை. எடைதான் சுவர்.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல் தண்ணீர் சுமார் 1,025 கிராம். தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி, கடல் தண்ணீர் மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. எடை வித்தியாசம் 25 கிராம்தான் என்பதால் கணக்கு இப்படி வரும்: கடல் மட்டத்துக்கு மேலே உங்கள் கிணற்றில் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். ஐந்து அடி நின்றால் 200 அடி. கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஆனால் அதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும். மேலே ஓர் அடி இறைத்துத் தீர்த்தால் கீழே 40 அடி உப்பு ஏறி வரும். உடனே வராது, வருஷக்கணக்கில் மெதுவாக வரும். வந்தால் போகவும் வருஷக்கணக்கில் ஆகும். கடல் மட்டத்துக்கும் கீழே இறைத்துவிட்டால் சொல்லவே வேண்டாம், கடலே உள்ளே நடந்து வரும்.

இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த கதையைக் கேளுங்கள்.

சுதந்திரம் வந்ததும் எண்ணூருக்குத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி அங்கே லாரி செய்தது. 1960-களில் எண்ணூரில் உரத் தொழிற்சாலை. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் எந்திரம் ஓடியது; பிறகு அது 450 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. 1971-ல் மணலி உர ஆலையில் உற்பத்தி. பசுமைப் புரட்சிக் காலம் அது. உரமும் கரண்டும் இல்லாமல் புது நெல் ரகங்கள் விளைந்திருக்காது. அந்த ஆலைகள் வந்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே, எப்படி, யார் தண்ணீரில் வந்தன என்பதுதான் கேள்வி.

ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். நகரத்துக்கும் வேண்டும். 1872 முதலே தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை தண்ணீரைத் திருப்பிச் சோழவரம், செங்குன்றம் வழியாகச் சென்னைக்குக் குடிக்கக் கொண்டுபோனார்கள். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கமும் கட்டி முடிந்தது. மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அணைக்குக் கீழே ஆற்றில் வெள்ளம் வருகிற நாள் குறைந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடினால்தானே படுகை குடித்து, மணல் அடுக்கு நிறையும்?

அடுத்தது நிலத்தடி. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆராய்ச்சி செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் நல்ல ஊற்று இருக்கிறது என்று கண்டார்கள். ஆழ்துளைக் கிணறுகள் போட்டு மணலி ஆலைகளுக்கும் சென்னைக்கும் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள். அதே காலத்தில்தான் நம் விவசாயிகளும் ஏற்றத்தையும் கவலையையும் மூலையில் போட்டுவிட்டு எண்ணெய் எஞ்சினுக்கும் மின்சார மோட்டாருக்கும் மாறினார்கள். ஒரு போகம் இரண்டு போகமானது, இரண்டு மூன்றானது. ஆக, நகரத்துக்காரன் உறிஞ்சினான் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. ஆலை ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம், நம் பம்புசெட் ஒரு பக்கம். ஒரே பானையில் மூன்று கை.

என்ன ஆகும்? அந்த நாற்பது அடிக் கணக்குதான். முதலில் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் கரித்தது. பிறகு உள்ளே தள்ளி. 1980-களில் உப்பு பல கிலோ மீட்டர் உள்ளே ஏறி மீஞ்சூர்ப் பகுதியையே தொட்டுவிட்டது. நெல்லில் இலை நுனி காய்ந்தது. உவர்த் தண்ணீர் பாய்ந்த களிமண் இறுகித் தண்ணீர் இறங்காமல் பளபளவென்று நின்றது. 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1990-களில் மணலி ஆலைகள் நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. இந்த யோசனை இருபது வருஷம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. 2000-த்துக்குப் பிறகு வறட்சி வந்தபோது, பயிர் வைப்பதை நிறுத்திக் கிணற்றுத் தண்ணீரை நகரத்துக்கு விற்ற விவசாயிகளும் அந்தப் பக்கம் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பயிர் தராத காசைத் தண்ணீர் தந்தது. ஆனால் நிலமில்லாத கூலிக்காரனுக்கு அந்தத் தண்ணீரில் பங்கு கிடைக்கவில்லை.

கடைசியில் 2010-ல் மீஞ்சூர் பெயரிலேயே காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். நல்ல தண்ணீர் ஊற்று இருந்த பூமிக்குப் பக்கத்திலேயே, கரண்டைச் செலவழித்துக் கடலிலிருந்து உப்பைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

பூமிக்கடியில் இப்படி என்றால் மேலே கழியின் கதி என்ன? எண்ணூர் நிலையத்துக்குப் பிறகு, 1990-களில் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், பிறகு வல்லூர் நிலையம். நிலக்கரி எரித்தால் சாம்பல் வரும். அதைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியாகக் கழியைத் தாண்டிச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் ஒழுகி ஒழுகிச் சாம்பல் கழியில் இறங்கியது. ஆள் ஆழம் இருந்த இடம் முழங்கால் அளவாகிவிட்டது என்று மீனவர்கள் சொல்கிறார்கள். நம் வயலில் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டுக் குழம்பை ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி. 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் சாம்பலை அகற்றும்படி உத்தரவு போட்டது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். 2014-ல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். நிலக்கரி இறக்கவும் சாலை போடவும் உப்பளமும் அலையாத்தியும் சதுப்பும் மண் கொட்டி மேடாயின. பழைய எண்ணூர் அனல் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள்.

அதே 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி எல்லாவற்றிலும் தார் பூசின மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்த மாசம் 26-ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் குழந்தை குட்டியைத் தூக்கிக்கொண்டு நடு இரவில் ஓடினார்கள். நாம் வயலில் உரம் போட அந்த அம்மோனியா வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வளவும் எப்படி நடந்தது என்று பார்த்தால், அரசாங்கக் கணக்கில் கழியும் சதுப்பும் புறம்போக்கு. இந்த வார்த்தை உங்களுக்குப் புதிதில்லை. மேய்ச்சல் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, களத்துமேட்டுப் புறம்போக்கு என்று ஊரில் இருக்கிறது. தீர்வைக் கணக்குக்கு வெளியே, ஊருக்குப் பொதுவாக ஒதுக்கிய நிலம் என்று அர்த்தம். ஒருவரும் பட்டா போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார்கள். நாளடைவில் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று அர்த்தம் திரிந்து, வைவதற்கே அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறோம். 2017-ல் சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியில் நின்று புறம்போக்கைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடி, அது ஊரெல்லாம் பரவியது.

வெள்ளக் காலத்தில் இந்தப் புறம்போக்கு என்ன வேலை செய்யும் தெரியுமா? மேலே பூண்டியைத் திறந்தால் வருகிற தண்ணீர் முழுக்க எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதே நேரம் கடல் ஏறி நின்றால் தண்ணீர் உடனே வடியாது. ஆறு மணி நேரம் காத்திருக்க இடம் வேண்டும். அந்த இடம்தான் கழியும் சதுப்பும். அதை மேடாக்கினால், தண்ணீர் மேலே மீஞ்சூர், மணலிப் பக்கத்து வயலிலும் வீட்டிலும் காத்திருக்கும்.

சரி, தடுப்பணையே கட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். கட்டலாம். வல்லூர் மாதிரி அணைக்கட்டுகள் கடல் ஏற்றத்தை மேலே வரவிடாமல் தடுத்து, நல்ல தண்ணீரைப் படுகையில் இறக்குகின்றன. நிறைந்தபின் வழிந்து போவதற்கும் வழி இருக்க வேண்டும். வழிந்து போகிற அந்தத் தண்ணீர்தான் முகத்துவாரத்து மணலைத் தள்ளி வாயைத் திறக்கிறது. இறால் குஞ்சுக்கு உப்பைக் குறைக்கிறது. பூமிக்கடியில் கடலை அதன் இடத்தில் நிறுத்துகிறது.

கடலோர மாவட்டத்து விவசாயிகளுக்கு ஒரு வேலை. வருஷத்தில் இரண்டு தடவை, தை மாசம் ஒன்று, வைகாசியில் ஒன்று, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிஷம் ஓட விட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, அரை லிட்டர் பிடியுங்கள். பெயர், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், என்ன பயிர் என்று எழுதி ஒட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும். மின் கடத்தும் திறன் என்று ஓர் எண் எழுதித் தருவார்கள். 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. 2.25-ஐத் தாண்டினால் சாதாரணப் பயிருக்கு ஆகாது. ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, வருஷா வருஷம் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஆகவே அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல், பக்கத்துக் கிணற்றுக்காரர் சீட்டையும் சேர்த்து, ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.